ஷேடக்கா எழுதிய கமென்ட்

சாயப்பட்டறை லேபில் எனக்கும் ஷேடக்காவுக்கும் நடுவில் ஒரே ஒரு மேசை. பத்தொன்பது வருடம் அதற்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்திருந்தோம். துணியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அட்டையில் பின் அடிப்பது என் வேலை. அந்தத் துண்டின் நிறம், எங்கள் பாஷையில் ஷேடு, எப்படி இருக்கிறதென்று இங்கிலீஷில் எழுதுவது அவள் வேலை. என் வேலைக்கு விரல் போதும், அவள் வேலைக்குக் கண் வேண்டும். அதனால் ஃபேன் அவள் தலைக்கு மேலே, எனக்கு மிச்சக் காற்று. இதைச் சொல்லிக் காட்டாமல் நான் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

மேசையில் அவள் பக்கம் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே நாலு பக்கமும் சாம்பல் நிறப் பெயின்ட். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று மூன்று விளக்கு. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியை நாங்கள் பையர் என்போம். பையர் அனுப்பிய மாதிரியை இடது பக்கமும், நாங்கள் சாயமிட்ட துண்டை வலது பக்கமும் வைத்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்பாள். பிறகு ஒரு வரி எழுதுவாள். ஸ்லைட்லி ரெட்டர். லிட்டில் டல். டூ கிரீனிஷ். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் கீழே சாயத்தொட்டி நிற்கும், அல்லது ஓடும். அதற்குப் பெயர் கமென்ட். நிறம் அளக்கும் மெஷின் ஒன்றும் எங்களிடம் இருந்தது. வாங்கிய வருடமே அது படுத்துவிட்டது, உறை போட்டு மூலையில் வைத்திருந்தோம்.

அக்கா படித்தது பத்தாம் வகுப்பு. துணி மடிக்கிற பிரிவில்தான் சேர்ந்தாள். அப்போது கமென்ட் எழுதியவர் டை கட்டிய ஒரு மனிதர். ஒரு தடவை அவர் டல் என்று எழுத வேண்டிய இடத்தில் டார்க் என்று எழுதிவிட, தொட்டிக்காரர்கள் துணியை வெளுத்து வெளுத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துணி வெளுத்ததே தவிர அழுக்கு முகம் மாறவில்லை. மடித்துக்கொண்டிருந்த அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இது இருட்டு இல்லீங்க, முகம் கழுவாம இருக்கு"ன்னு சொல்லித் தொலைத்தாள். டைக்காரருக்கு மூக்கின் மேல் கோபம். ஆனால் பையரிடமிருந்து வந்த கடிதமும் அதையேதான் சொன்னது. மறு மாதமே அவளைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

இங்கிலீஷை அவள் பழைய கடிதக் கோப்புகளிலிருந்து கற்றாள். ஏழு வருடக் கடிதங்கள். ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு துண்டுத் துணி இருக்குமே, வார்த்தையைப் படித்துவிட்டுத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ப்ளூயிஷ் கிரே வேறு, கிரேயிஷ் ப்ளூ வேறு என்று எனக்கு ஒரு நாள் விளக்கினாள். "கடைசியில நிக்கிறவர்தான் வீட்டுக்காரர். முன்னாடி நிக்கிறவர் வாடகைக்கு வந்தவர். மாத்தி எழுதினா அவன் வேற துணிய எதிர்பார்த்து உக்காந்திருப்பான்." டீல், மாவ், டோப் என்று கடைக்காரர்கள் வைக்கும் பெயர்கள் அவளுக்குப் பிடிக்காது. அதெல்லாம் செல்லப் பெயர், சாயத்தொட்டிக்குச் செல்லப் பெயர் புரியாது என்பாள்.

ஒன்பது வகைச் சாம்பலை இங்கிலீஷில் பிரித்துச் சொல்வாள், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. பையர் ஒருவர் நேரில் வந்தபோது, எப்படி இருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். இவள் யோசித்துவிட்டு, "ஸ்லைட்லி டல், சார்" என்றாள். அந்த மனிதர் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. அவர் சிரித்தார் என்பதற்காகப் பொய்யென்று நினைத்துவிடாதீர்கள். அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டி முதுகு போய்ப் படுத்துவிட்டார். விடியும் முன்னே எழுந்து சமைத்து, அவரைத் தூக்கி உட்கார வைத்து, இரண்டு பஸ் மாறி, நாற்பத்திரண்டு படி ஏறி, நாளெல்லாம் சாம்பலுக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் பார்த்துவிட்டு, திரும்ப அதே இரண்டு பஸ். மகள் ஒருத்தி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வீட்டில் யாராவது, "அந்த நீலச் சட்டைய எடு"ன்னு சொன்னால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருமாம். எந்த நீலம் என்று கேட்கக்கூட அலுப்பாக இருக்குமாம்.

அந்தப் பையருக்கு அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை. மற்றவர்கள் துண்டை வரவழைத்துத் தாங்களே பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வார்கள். இவர்கள் மட்டும் அக்கா ஓகே எழுதினால் போதும், துணி நேரே கப்பல் ஏறலாம் என்று விட்டுவிட்டார்கள். எட்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

பிறகு அந்தச் சாம்பல் வந்தது. இந்தத் தடவை மாதிரித் துணி அனுப்பவில்லை, பெயின்ட் அடித்த ஒரு காகித அட்டையை அனுப்பினார்கள். எங்கள் தொழிலில் இது ஒரு தலைவலி. காகிதத்தின் நிறமும் துணியின் சாயமும் வேறு வேறு பொருள். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், இன்னொரு விளக்கில் யாரோ எவரோ என்று நிற்கும்.

தொட்டிக்குச் சாயம் கலக்கும் மாஸ்டர் முதல் துண்டைக் கொண்டுவந்தார். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார், கை மட்டும் எப்போதும் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும்.

அக்கா மூன்று விளக்கிலும் பார்த்தாள். "மஞ்சள் ஏறி இருக்கு தம்பி. நீலம் கொஞ்சம் போடணும்."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "எனக்கு அட்டையோட ஒட்டித்தான் தெரியுதுக்கா."

"ஒட்டல. யெல்லோயிஷ்."

அவர் போய் நீலம் சேர்த்துக்கொண்டு வந்தார். இன்னும் மஞ்சள் என்றாள். மறுபடி சேர்த்தார். நாலாவது துண்டில்தான் ஓகே எழுதினாள். மாஸ்டர் வெகுநேரம் அந்தத் துண்டையும் அட்டையையும் பார்த்துக்கொண்டே நின்றார். "நீங்க சொன்னா சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அந்த நாலாவது துண்டைப் பாதியாக வெட்டியவள் நான்தான். ஒரு பாதியைத் துணியோடு பையருக்குப் போகும் அட்டையில் அடித்தேன், ஒரு பாதி என் டிராயருக்குள் போனது. மேசையில் என் பக்கம் ஜன்னலோரம். வெட்டும்போதே எனக்குத் தெரிந்தது, இது நீலமாக இருக்கிறதே என்று. சொல்லவில்லை. ஷேடு பார்ப்பது என் வேலையா? ஃபேன் காற்று வாங்குகிறவள் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அந்தச் சாம்பலில் நாலு லாட், அதாவது நாலு தொட்டித் துணி, கப்பல் ஏறியது.

அதற்குப் பிறகு ஒரு காலை அக்கா படியில் தடுக்கி விழுந்தாள். கடைசிப் படியும் தரையும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. முழங்கால் வீங்கிவிட்டது. அழைத்துப்போக வந்த மகள், முழங்காலுக்கு மருந்து போட்ட கையோடு கண் டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணை உடனே ஆபரேஷன் செய்தார்கள், இடது கண்ணுக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

அவள் லீவில் இருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் கடிதம் வந்தது. நாலு லாட்டும் டூ ப்ளூயிஷ். திருப்பி அனுப்புகிறோம்.

மேனேஜர் கோப்பை எடுத்துப் பார்த்தார். அக்கா கையெழுத்தில் அழகாக ஓகே இருந்தது. அவள் பார்த்தது லேபில் சாயமிட்ட கைக்குட்டை அளவுத் துண்டு. கீழே தொட்டியில் இறங்குவதோ வண்டி வண்டியாகத் துணி. துண்டில் சரி, தொட்டியில் தப்பு என்றால் ஊற்றியவன் கைதான் தப்பு. இது எங்கள் பட்டறையின் சட்டம்.

"துண்டுக்கு என்ன கணக்கோ அதேதாங்க தொட்டிக்கும் போட்டேன்" என்றார் மாஸ்டர்.

"அப்போ அந்தம்மா கண்ணு பொய் சொல்லுதா?"

மாஸ்டரைச் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றோம். என் டிராயரில் இருந்த பாதித் துண்டை எடுத்து கடிதத்தோடு வந்த துணியின் மேல் போட்டிருந்தால், இரண்டும் ஒரே நீலம் என்று தெரிந்து அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். நான் பின் அடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அக்கா வேலைக்கு வந்தாள். கறுப்புக் கண்ணாடி, கைப்பையில் சொட்டு மருந்து, நடையில் இன்னும் ஒரு நொண்டல். வந்ததும் மாஸ்டர் விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

"இவளே, அந்தச் சாம்பல் துண்டு உன்கிட்ட இருக்குல்ல, குடு."

கொடுத்தேன். காகித அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, பகல் விளக்கைப் போட்டாள். பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் வலது கண்ணை மூடினாள். எடுத்துவிட்டு இடது கண்ணை மூடினாள். திரும்ப வலது. திரும்ப இடது. கண் கூசுகிறதோ என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வரும்போதும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

"பழைய கண்ணுல பாத்தா ரெண்டும் ஒண்ணுடி" என்றாள். "புதுக் கண்ணுல பாத்தா பளிச்சுனு நீலம். ப்ளூயிஷ் இல்ல, ப்ளூவே வீட்டுக்காரராயிட்டார்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரை விழுந்த கண் பழுப்பேறிய கண்ணாடி மாதிரி. எங்கள் பெட்டியில் மூன்று விளக்கு இருந்தால் அவள் கண்ணுக்குள் நாலாவதாக ஒன்று எரிந்திருக்கிறது. துணியோடு துணி வைத்தால் அது காட்டிக்கொடுக்காது, காகிதத்தோடு துணி வைத்ததும் வேலையைக் காட்டிவிட்டது.

"உனக்கு இது இப்பதான் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தாள். அதே டாக்டர், போன வருடத் தேதி. ஆபரேஷன் செய்ய வேண்டுமென்று அன்றைக்கே எழுதியிருந்தார்.

"கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா பெட்டிகிட்ட விடமாட்டாங்க. வீட்டுல ஒருத்தர் படுத்திருக்காரு. இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம்னு தள்ளினேன். வெளிச்சம் கூசுது, படி தெரியல, அவ்வளவுதான்னு நெனச்சேன். நெறத்துல கை வைக்கும்னு நெனைக்கல." சீட்டை மடித்தாள். "நெனைக்காம இல்ல. நெனைக்க வேணாம்னு இருந்தேன்."

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். "அக்கா, வாய மூடிக்கிட்டு இரு. மாஸ்டர் கைத்தொழில் தெரிஞ்ச ஆளு, நாளைக்கே வேற பட்டறையில எடுத்துப்பாங்க. உன்னை யாரு எடுப்பா? இந்தத் துண்டைக் குடு, நான் தூக்கிப் போட்டுடுறேன்."

நான் அப்படித்தான் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது. அக்கா துண்டைக் கொடுக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அலுத்துப்போன முகத்தோடு எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாராம். எட்டு வருடமாக அனுப்பிய துணி எல்லாவற்றையும் பையர் கிளறுவான், பட்டறையே ஆட்டம் கண்டுவிடும், வாயைத் திறக்காதீர்கள் என்றாராம். மாஸ்டருக்கு வேண்டுமானால் நல்லவர் என்று ஒரு கடிதம் கொடுக்கலாம். அக்கா மடிக்கிற பிரிவுக்குப் போய்விடலாம், காரணம் முழங்கால் வலி.

"நல்ல ஏற்பாடுதானே" என்றேன்.

"நல்ல ஏற்பாடுதான்."

அன்றைக்கும் மறுநாளும் வேறு துண்டுகளுக்குக் கமென்ட் எழுதினாள். வலது கண்ணால் மட்டும் பார்த்து, இடது கண்ணைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. வெள்ளி மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் மட்டும் லேப் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கமென்ட் அனுப்பும் மெயில் அவள் கையில்தானே இருந்தது. நான் டப்பாவை மூடிவிட்டுப் போய்ப் பின்னால் நின்றேன். ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

டியர் சார். ஃபோர் லாட்ஸ் டூ ப்ளூயிஷ், எஸ். டையர் கரெக்ட். டையர் ஸீ கரெக்ட், ஐ ஸே நாட் கரெக்ட். மை ஐ யெல்லோயிஷ் அண்ட் டல், ஒன் இயர். ஐ நோ அண்ட் நாட் டெல். ப்ளீஸ் அக்செப்ட் டையர். ரிஜெக்ட் மை கமென்ட்.

டையர் என்றது சாயம் போடும் மாஸ்டரை, மை ஐ என்றது தன் கண்ணை. கண்ணில் கோளாறு என்பதை டாக்டர் சீட்டைப் பார்த்து எழுதியிருக்கலாம். அந்த வார்த்தையெல்லாம் அவளுக்கு வராது. துணிக்கு எழுதத் தெரிந்ததை வைத்துத் தன்னை எழுதினாள். கீழே என் டிராயர் துண்டையும் அட்டையையும் சேர்த்து எடுத்த ஒரு படம்.

"அக்கா, யோசிச்சுக்க."

"யோசிச்சு யோசிச்சுத்தாண்டி ஒரு வருஷம் போச்சு" என்று சொல்லிவிட்டு அனுப்பிவிட்டாள்.

மேனேஜர் போட்ட சத்தம் தொட்டி வரைக்கும் கேட்டது. சனிக்கிழமை காலை அவள் நாற்காலியை எடுத்து மடிக்கிற பிரிவில் போட்டார்கள். அன்று மாலை மாஸ்டர் தன் பூட்ஸையும் கையுறையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. பழைய துணியைக் கிளற மாட்டார்கள். அந்த டையர் இருக்க வேண்டும். இனி எல்லாத் துண்டும் அவர்களே பார்ப்பார்கள். கடைசி வரியில் அக்காவுக்கு நன்றி. மேனேஜர் அதை அவள் கையில் கொடுத்து, "நீங்களே போய்ச் சொல்லி திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. நான் போய் அவன் மொகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார்.

ஞாயிறு காலை இருவரும் போனோம். சாலை தாண்ட என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாஸ்டர் வீடு மூன்றாவது மாடியில், பால்கனி முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி நாற்காலி போட்டாள். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே, கண் விஷயத்திலிருந்து டாக்டர் சீட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். நானும் டிராயர் துண்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மாஸ்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ எனக்கு ஒட்டித் தெரிஞ்சது நெசமா ஒட்டித்தான் இருந்துச்சா?"

"நெசம்தான் தம்பி. மொதல் துண்டே சரி."

"வேல போனது கூடப் பரவாயில்லக்கா. இத்தன வருஷம் சாயத்துல நின்னு, நீலம் எதுன்னு தெரியாதவனா ஆயிட்டேனேன்னு..." சாயம் ஏறிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் மனைவி சமையலறை வாசலிலிருந்து சொன்னாள். "ஒரு வாரமா சட்டை எடுக்கக் கூட என்னைக் கேக்குறாரு. இது என்ன கலரு, இது என்ன கலருன்னு. வெளையாட்டுக்குக் கேக்குறாருன்னு நெனச்சேன்."

அக்கா பால்கனிக்கு நொண்டிக்கொண்டே போய், கொடியில் காய்ந்த ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு வந்தாள். வெயிலில் அவர் மடியில் விரித்தாள்.

"என்ன நெறம்?"

மாஸ்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அவளைப் பாக்காத. துணியப் பாரு."

அவர் பார்த்தார். ஓரத்தைத் திருப்பி, மடிப்பை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வெகுநேரம் பார்த்தார். "பச்சை கலந்த சாம்பல்" என்றார். பிறகு, "கிரீனிஷ் கிரே" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி அவளிடமே கேட்டார். "சரியாக்கா?"

அக்கா இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"என்னைக் கேக்காத தம்பி" என்றாள். "நீ சொன்னா சரி."